ஆம்புலன்ஸ் வரும் வரை: வடசென்னைத் தெருவில் முதல் பத்து நிமிடம்

எங்கள் பக்கம் ரோட்டில் யாராவது விழுந்தால் ஆள் கூடுவதற்கு அரை நிமிடம் கூட ஆகாது. டீக்கடையிலிருந்து இரண்டு பேர், ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நாலு பேர், மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ச் சொம்போடு இறங்கி வரும் ஒரு அக்கா. உதவிக்கு இங்கே பஞ்சமே கிடையாது. என் கவலையெல்லாம், அந்த உதவி வருகிற வேகத்தில் விழுந்தவருக்கு இன்னும் கொஞ்சம் சேதம் ஆகிவிடுகிறதே என்பதுதான். கழுத்தில் அடிபட்டவரைக் கையைப் பிடித்து ஒருவர், காலைப் பிடித்து ஒருவர் தூக்கி ஷேர் ஆட்டோவில் மடக்கிப் போடுகிறோம், நினைவில்லாதவர் வாயில் சோடா ஊற்றுகிறோம், ரத்தம் கொட்டுகிற வெட்டில் காபித்தூளை அப்புகிறோம். எல்லாமே பாசத்தில் செய்வதுதான், ஆனால் பாசத்தில் செய்ததாலேயே உயிர் போன கதைகள் எனக்கு நிறையத் தெரியும்.

தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், மீன் விற்கிற பெண்கள், லேத் பட்டறைப் பையன்கள் என்று சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முதலுதவி சொல்லிக்கொடுத்து வருகிறேன். அங்கே வாய் ஓயாமல் சொல்வதை இங்கே ஒருமுறை முழுதாக எழுதி வைக்கிறேன். இதைப் படித்துவிட்டு, எங்காவது பயிற்சி கிடைத்தால் ஒருமுறையாவது பொம்மையின் மார்பில் கைவைத்து அழுத்திப் பாருங்கள். எவ்வளவு பலம் கொடுக்க வேண்டும் என்பது எழுத்தில் வராது, கைக்குத்தான் தெரியும்.

ஓடிப்போய் விழாதீர்கள், நில்லுங்கள்

முதல் படி நிற்பது. பத்து விநாடி நின்று, அந்த ஆளை எது வீழ்த்தியது, அது இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர் லாரி வரிசை எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும், அடிபட்டவர் பக்கத்தில் நாலு பேர் குனிந்து உட்கார்ந்தால் பின்னால் வருகிற கன்டெய்னர் ஓட்டுநரின் கண்ணுக்கு அந்த நாலு பேரும் தெரிய மாட்டார்கள். ஒரு ஆட்டோவையோ பைக்கையோ 20, 30 மீட்டர் முன்னாலேயே இண்டிகேட்டர் போட்டுக் குறுக்கே நிறுத்துங்கள், ஒரு ஆளை டார்ச்சோடு நிற்க வையுங்கள். அதற்கப்புறம்தான் குனிய வேண்டும்.

பாதாளச் சாக்கடைக் குழி, செப்டிக் டேங்க் இரண்டைப் பற்றியும் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவரைக் காப்பாற்ற இறங்குகிற இரண்டாவது ஆளும், அவரைத் தூக்க இறங்குகிற மூன்றாவது ஆளும் சாகிறார்கள். உள்ளே இருக்கிற ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஓரிரு மூச்சில் ஆள் சரிந்துவிடுவார். ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு இறங்குவது எந்தப் பாதுகாப்பும் தராது. தீயணைப்புத் துறைக்கு, 101க்கு அடியுங்கள், மூடியை முழுதாகத் திறந்து விடுங்கள், மேலே இருந்தபடியே கயிறு எட்டினால் போடுங்கள். உள்ளே இருப்பவர் உங்கள் அண்ணனாகவே இருந்தாலும் இறங்காதீர்கள். இதை எழுதும்போதே கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மழைக்காலத்தில் தேங்கின தண்ணீரில் ஆள் விழுந்து கிடந்தால், பக்கத்தில் தெருவோர மின்சாரப் பெட்டி (பில்லர் பாக்ஸ்) இருக்கிறதா, அறுந்த ஒயர் தொங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். ரப்பர் செருப்பு போட்டிருக்கிறேன் என்பது நனைந்த காலுக்குச் சமாதானம் ஆகாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, இதை இப்போதே போனில் ஏற்றி வையுங்கள். வீட்டுக்குள் ஷாக் அடித்தால் மெயினை இறக்குவதுதான் முதல் வேலை. மெயின் எங்கே என்று தெரியாத அவசரத்தில் மட்டும், காய்ந்த தரையில் நின்று காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளலாம். தெருக்கம்பி, டிரான்ஸ்பார்மர் என்றால் அதுவும் கூடாது.

அடுத்தது நம் ஊருக்கே உரிய ஆபத்து, ரசாயனம். மணலியிலிருந்து கிளம்புகிற டேங்கர் லாரிகளின் பின்னால், பக்கவாட்டில் ஆரஞ்சு, வெள்ளையில் ஒரு பலகை இருக்கும், அதில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 1203 என்றால் பெட்ரோல், 1075 சமையல் எரிவாயு, 1017 குளோரின், 1005 அமோனியா. டேங்கர் கவிழ்ந்தால் கிட்டே போகாமல் அந்த எண்ணைத் தூரத்திலிருந்தே போனில் ஜூம் செய்து படித்து, தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். எந்த உடையில், எந்த மருந்தோடு வர வேண்டும் என்பதை அந்த ஒரு எண்ணே அவர்களுக்குச் சொல்லிவிடும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, தூங்கிக்கொண்டிருந்த ஜனம் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தது. அப்படி ஒரு ராத்திரி வந்தால், காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று பாருங்கள். வாயு வருகிற பாதையில் நேராக ஓடினால் அது கூடவே வரும், காற்றுக்குக் குறுக்கே பக்கவாட்டில் விலகிப் போக வேண்டும். அமோனியா தண்ணீரில் கரையும், அதனால் இதற்கு மட்டும் ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொள்வது ஓரளவு உதவும். நனைந்த உடையைக் களைந்து, கண்ணை நல்ல தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். எரிச்சல் நின்றதும் நிறுத்தாதீர்கள், நேரம் பார்த்துக் கழுவுங்கள்.

108க்கு என்ன சொல்வது

தமிழ்நாட்டில் 2008இல் 108 வந்தது. இன்றைக்கும் நாம் அதற்குப் பேசுகிற விதத்தில் இரண்டு, மூன்று நிமிடம் வீணாகிறது. "சீக்கிரம் வாங்க, ஒருத்தர் செத்துக்கிட்டிருக்கார்" என்று கத்திவிட்டுப் போனை வைத்தால், அவர்கள் திரும்பக் கூப்பிட்டு இடம் கேட்க வேண்டும். இடத்தை முதலில் சொல்லுங்கள், போன் நடுவில் அறுந்துபோனாலும் வண்டி கிளம்பிவிடும். ஏரியா, மெயின் ரோடு, எல்லோருக்கும் தெரிந்த அடையாளம் ஒன்று: திருவொற்றியூர் தேரடி, டோல்கேட், மிண்ட் மணிக்கூண்டு, மூலக்கடை, இந்த மாதிரி. அப்புறம் என்ன நடந்தது, எத்தனை பேர், நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா. அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள். ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டால் உங்கள் இரண்டு கையும் வேலைக்கு வரும்.

கூட்டத்தில் "யாராவது 108க்கு அடிங்க" என்று சொன்னால் ஒருவரும் அடிக்க மாட்டார்கள், அல்லது ஏழு பேர் அடிப்பார்கள். விரலை நீட்டி, "நீல சட்டை போட்ட தம்பி, நீ அடி, அடிச்சுட்டு எங்கிட்ட வந்து சொல்லு" என்று சொல்லுங்கள். இன்னொரு தம்பியைத் தெருமுனைக்கு அனுப்புங்கள். நம் சந்துகளில் வண்டி நுழையாது, ஸ்ட்ரெச்சர் திரும்பாது, மெயின் ரோட்டில் கையைக் காட்டி நிறுத்த ஒரு ஆள் நிற்பதே பெரிய உதவி. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கிறதா, கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், வண்டி சுற்றி வர வேண்டுமென்றால் கிளம்பும்போதே அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

தொட்டுப் பார்ப்பது

ரத்தம் பீய்ச்சி அடிக்கிறது என்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அதை அடைக்க வேண்டும், அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். அப்படி இல்லையென்றால் இரண்டு தோளையும் தட்டி, காதுக்குப் பக்கத்தில் சத்தமாகக் கூப்பிடுங்கள். கன்னத்தில் அறைய வேண்டாம், முகத்தில் தண்ணீர் அடிக்க வேண்டாம். பதில் இல்லையா, தலையை மெல்லப் பின்னால் சாய்த்து முகவாயைத் தூக்கி, மார்பு ஏறி இறங்குகிறதா என்று 10 விநாடிக்கு மேல் போகாமல் பாருங்கள்.

இங்கே நம் பேச்சு வழக்கே நம்மை ஏமாற்றுகிற ஒரு இடம் இருக்கிறது. "இழுத்துக்கிட்டு இருக்கு, உயிர் இருக்கு" என்கிறோம் இல்லையா? இதயம் நின்றவுடன் சில பேருக்கு மீன் வாயைத் திறந்து மூடுகிற மாதிரி, நாலைந்து விநாடிக்கு ஒருமுறை குறட்டைச் சத்தத்தோடு ஒரு இழுப்பு வரும். அது மூச்சு ஆகாது. நுரையீரலுக்கு அதில் ஒன்றும் போகாது. பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிற ஆளிடம் அப்படி ஒரு இழுப்பு மட்டும் இருந்தால் இதயம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு மார்பை அழுத்த ஆரம்பியுங்கள். நாடி பிடித்துப் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள், பதட்டத்தில் உங்கள் சொந்த நாடியே விரலில் துடிக்கும்.

மூச்சு ஒழுங்காக இருக்கிறது, நினைவுதான் இல்லை, அடிபட்ட மாதிரியும் தெரியவில்லை என்றால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மேல்காலை மடக்கி முன்னால் ஊன்றி, கன்னத்துக்குக் கீழே அவர் கையையே வையுங்கள். வாந்தி வந்தால் வெளியே வழிந்துவிடும். மல்லாக்கப் படுத்த ஆளுக்கு அது நுரையீரலுக்குள் போகும். சோடா, தண்ணீர், காபி எதுவும் வேண்டாம், தானாகக் கையில் வாங்கிக் குடிக்க முடிகிறவருக்குத்தான் வாய்வழியாக எதுவும்.

சி.பி.ஆர்.: இதயம் நின்றவரின் மார்பை அழுத்துவது

காசிமேட்டில் ஒரு விடியற்காலை, ஏலம் நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டின ஒருவர் கூடைகளுக்கு நடுவே அப்படியே சரிந்தார். தரை முழுக்க ஐஸ் தண்ணீரும் செதிலும். நான் முட்டி போட்டு அழுத்த ஆரம்பித்தால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் முட்டி வழுக்கிப் பின்னால் போகிறது. ஒரு அம்மா கேட்காமலேயே காலிச் சாக்கைக் கொண்டுவந்து என் முட்டிக்கடியில் போட்டார். ஏழாவதோ எட்டாவதோ அழுத்தத்தில் கைக்குக் கீழே 'மளுக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் இருந்த பையன் "அண்ணே, உடைஞ்சிருச்சு, விட்டுருங்க" என்று என் தோளைப் பிடித்தான். விடவில்லை. விலா எலும்பு உடைந்தால் ஒட்டும். அன்றைக்கு நாலு பேர் கை மாற்றி மாற்றி வண்டி வரும் வரை அழுத்தினோம், மருத்துவமனையில் துடிப்பு திரும்பியது, மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். அதற்குள் வெளியூரிலிருந்த மகன் வந்து சேர்ந்திருந்தான்.

செய்முறை இதுதான். ஆளைக் கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள், மெத்தையில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். மார்பின் நட்டநடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறுகையை வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக் கூடாது, உங்கள் தோள் நேர்மேலே இருக்கட்டும், இடுப்பிலிருந்து உடம்பு எடையை இறக்குங்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு மார்பு முழுதாக மேலே எழும்ப விடுங்கள், அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிறையும். இந்த எழும்ப விடுவதைத்தான் களைப்பில் எல்லோரும் மறக்கிறார்கள்.

எண்ணுவதில் ஒரு சின்ன விஷயம்: தமிழில் "இருபத்தொண்ணு, இருபத்திரண்டு" என்று போனால் வார்த்தை நீளம், கை வேகம் குறைந்துவிடும். அதனால் ஒன்றிலிருந்து பத்து வரை மூன்று தடவை எண்ணச் சொல்கிறேன். 30 ஆனதும், பழகியவராக இருந்தால் மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து 2 மூச்சு, ஒவ்வொன்றும் ஒரு விநாடி, மார்பு எழும்பினால் போதும். தெரியாது, தயக்கமாக இருக்கிறது என்றால் மூச்சு கொடுப்பதை விட்டுவிடுங்கள், அழுத்துவதை மட்டும் நிறுத்தாமல் செய்யுங்கள். ஆனால் குழந்தைக்கும், தண்ணீரில் மூழ்கியவருக்கும் மூச்சு கொடுப்பது ரொம்ப முக்கியம், அவர்களுக்குக் காற்று கிடைக்காததால்தான் இதயம் நின்றது. குழந்தைக்கு ஒரு கை போதும், சுமார் 5 சென்டிமீட்டர். கைக்குழந்தைக்கு இரண்டு கட்டைவிரல் அல்லது இரண்டு விரல், 4 சென்டிமீட்டர்.

2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். "எனக்குக் களைப்பே இல்லை" என்று சொல்கிறவரின் அழுத்தமும் அதற்குள் ஆழம் குறைந்திருக்கும். ஆலைகளிலும் மால்களிலும் சில இடங்களில் இதயத்துக்கு மின் ஷாக் கொடுக்கிற ஏ.இ.டி. கருவி மாட்டியிருப்பார்கள், இருந்தால் ஓடிப்போய் எடுத்து வரச் சொல்லுங்கள். திறந்து பட்டனை அமுக்கினால் அதுவே பேசும், ஈரத்தைத் துடைத்துவிட்டு படத்தில் காட்டிய இடத்தில் ஒட்ட வேண்டும், அது ஷாக் கொடுக்கிற நேரத்தில் யாரும் ஆளைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

ரத்தம், துண்டான விரல்

வெட்டுக்காயத்தில் வேலை செய்வது ஒன்றே ஒன்று, அழுத்தம். சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் நேரடியாக, கை வலிக்க அழுத்துங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்க்காதீர்கள், உறைய ஆரம்பித்தது பிய்ந்துவிடும். பத்து நிமிடம் கடிகாரம் பார்த்து அழுத்த வேண்டும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. அக்குள், தொடை இடுக்கு மாதிரி இடத்தில் குழி விழுந்திருந்தால் துணியைக் குழிக்குள் திணித்து அழுத்துங்கள். காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் உள்ளே போகக் கூடாது, மருத்துவர் அதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் தைக்க ஆரம்பிப்பார். குத்தி நிற்கிற கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்காதீர்கள், அசையாமல் சுற்றிலும் துணியைச் சுருட்டி அணை கொடுங்கள்.

கை, காலில் எவ்வளவு அழுத்தியும் நிற்காமல் கொட்டினால் மட்டும் இறுக்குக்கட்டு. லாரிச் சக்கரம் ஏறின கால், மெஷினில் போன கை மாதிரியான காயங்களுக்கு இது உயிர் காக்கும். காயத்துக்கு மேலே, உடம்புப் பக்கமாக 5 முதல் 7 சென்டிமீட்டர் தள்ளி, மூட்டின் மேல் படாமல், குறைந்தது 4 சென்டிமீட்டர் அகலமுள்ள துணியைக் கட்டுங்கள், துப்பட்டா சரியாக இருக்கும். முடிச்சில் ஸ்பேனரையோ கெட்டியான குச்சியையோ வைத்து ரத்தம் நிற்கும் வரை முறுக்கி, அவிழாமல் கட்டிவிடுங்கள். பயங்கரமாக வலிக்கும், அவர் கத்துவார், தளர்த்தாதீர்கள். கட்டின நேரத்தை அவர் நெற்றியில் பேனாவால் எழுதுங்கள், மருத்துவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். ஒயர், கயிறு, பைக் செயின் கூடாது, சதையை அறுத்துவிடும்.

பட்டறைப் பையன்களுக்கு: விரல் துண்டானால் அதைத் தேடி எடுங்கள். பிரஸ் மெஷினை அணைத்துவிட்டுத் தேடுங்கள். அழுக்கை லேசாகக் கழுவி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயைக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட இன்னொரு கவருக்குள் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது, பட்டால் திசு உறைந்து செத்துவிடும். பையிலும் விரலிலும் ஆயில் ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை, டெட்டால் ஊற்றாதீர்கள். கைக்காயத்துக்கு ராயபுரம் ஸ்டான்லி மருத்துவமனையை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே உருவாக்கிய கை அறுவைசிகிச்சைப் பிரிவு நாடு முழுவதும் பேர் பெற்றது. அறுந்த விரலோடு எங்கெங்கோ அலையாதீர்கள்.

பைக்கிலிருந்து விழுந்தவரைத் தூக்குவது

தூக்காமல் இருப்பதுதான் பெரும்பாலும் சரி. மூச்சு இருக்கிறது, பெட்ரோல் தீ மாதிரி உடனடி ஆபத்து இல்லை என்றால், தலைமாட்டில் ஒருவர் முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைக் கிடந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு, "அசையாதீங்கண்ணே, வண்டி வருது" என்று பேசிக்கொண்டே இருங்கள். அந்தப் பேச்சு அவருக்கு மருந்து மாதிரி, அவர் பதில் தெளிவு குறைகிறதா என்பது உங்களுக்கும் தெரியும். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், கண்ணாடியை மட்டும் மேலே தூக்கி விடுங்கள். மூச்சில்லை, வாந்தி அடைக்கிறது என்றால்தான் கழற்ற வேண்டும், அப்போதும் ஒருவர் கழுத்தைக் கீழிருந்து தாங்க, இன்னொருவர் பக்கவாட்டில் விரித்து மெதுவாக உருவ வேண்டும். புரட்டியே ஆக வேண்டுமென்றால் நாலு பேர், தலையைப் பிடித்தவர் எண்ணிக்கை சொல்ல, தலையும் தோளும் இடுப்பும் ஒரே மரக்கட்டை மாதிரி ஒன்றாகத் திரும்ப வேண்டும்.

நெஞ்சு வலி, பக்கவாதம், வலிப்பு

"கேஸ்" என்று சொல்லி சோடா குடித்து, ஓமவாட்டர் குடித்து, ஒரு மணி நேரம் காத்திருந்து செத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி இறுக்கம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை. இது இருந்தால் கேஸ் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்குவதும் அசதியும் மட்டும் வரலாம். நடக்க விடாதீர்கள், மாடிப்படி இறங்க விடாதீர்கள், நாற்காலியோடு தூக்குங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றுப்புண், ரத்தப்போக்கு இல்லை என்றால் 300 மில்லிகிராம் அளவுக்கு ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம். ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால், 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் முதல் தவணை மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

பக்கவாதத்துக்கு மூன்று சோதனை: சிரிக்கச் சொல்லுங்கள், வாய் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று இறங்குகிறதா, பேரைச் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா. ஒன்று இருந்தாலும் போதும். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதனால் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சி.டி. ஸ்கேன் இருக்கிற மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். இவருக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், மூளையில் ரத்தம் கசிந்ததாலும் இதே மாதிரி வரும்.

வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிப்பது. ஒருமுறை, வலிப்பு நின்றபின் ஒரு பெண்ணின் மூடின விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம், பீரோ சாவியின் பற்கள் உள்ளங்கையில் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. வலிப்பு தானாகத்தான் நின்றது, பெரும்பாலானவை ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும், சாவிக்கு நல்ல பேர் வந்துவிடுகிறது. இரும்பு வேண்டாம், வாயில் ஸ்பூன் வேண்டாம், கை காலை அமுக்க வேண்டாம். சுற்றி இருக்கிற சாமான்களை நகர்த்தி, தலைக்குக் கீழே துணியை மடித்து வைத்து, மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ உடனே 108. நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

அப்புறம், டாஸ்மாக் பக்கத்தில் ஒருவர் விழுந்து கிடந்தால் "குடிகாரன்" என்று தாண்டிப் போகாதீர்கள். சர்க்கரை இறங்கினவரும் தள்ளாடுவார், குழறுவார், கோபப்படுவார், வியர்த்துக் கொட்டும். விழுங்க முடிகிறவராக இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள், பத்து, பதினைந்து நிமிடத்தில் ஆளே மாறிவிடுவார்.

தீ, கடல், கடி

தீப்புண்ணுக்குக் குழாய்த் தண்ணீர், 20 நிமிடம், அவ்வளவுதான். ஐஸ், இட்லி மாவு, பேனா மை, டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலை வீங்குமுன் கழற்றுங்கள், ஒட்டிப்போன துணியைப் பிய்க்காதீர்கள். குழந்தைக்கோ, பெரிய பரப்பில் வெந்தவருக்கோ உடம்பு முழுக்கக் குளிர்ந்து போகாமல் மற்ற இடத்தைப் போர்த்துங்கள். பெரிய தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தனிப் பிரிவு இருக்கிறது.

கடலில் மூழ்கியவரைத் தூக்கித் தலைக்குமேல் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, இரண்டும் வேண்டாம். மூச்சில்லை என்றால் முதலில் மூச்சு கொடுத்துவிட்டு அப்புறம் அழுத்த ஆரம்பியுங்கள். நீச்சல் தெரிந்தாலும் அவரிடம் நேராகப் போகாதீர்கள், பிடித்து அமுக்கிவிடுவார். காலி கேன், கயிறு, டியூப் எதையாவது வீசுங்கள்.

கெளுத்தி முள், திருக்கை முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில், சுமார் 45 டிகிரி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் கையையோ காலையோ வைத்திருக்க வேண்டும், விஷம் சூட்டில் கெடும், வலி குறையும். சூட்டை நீங்கள் கைவிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள், குத்துப்பட்ட காலுக்கு உணர்வு சரியாகத் தெரியாது. திருக்கை முள் மார்பிலோ வயிற்றிலோ நின்றால் பிடுங்கக் கூடாது.

தொண்டையில் அடைத்து, பேசவும் இருமவும் முடியாமல் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறவரைக் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் 5 முறை அடித்து, பிறகு பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே மடக்கிய முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக 5 இழுப்பு, மாற்றி மாற்றி. கர்ப்பிணிக்கு வயிற்றுக்குப் பதில் மார்பில். கைக்குழந்தையை முன்கையில் குப்புறத் தாழ வைத்து முதுகில் 5 தட்டு, திருப்பி மார்பில் இரண்டு விரலால் 5 அழுத்தம்.

பாம்புக்கடிக்குக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட இடம் அசையாமல், நடக்க விடாமல், விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்கு. பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டாம். நாய்க்கடியை ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி. கீறல்தானே என்று விடாதீர்கள், ரேபிஸ் நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற வழி கிடையாது.

ஒப்படைப்பதும், அதற்கப்புறமும்

வண்டி வந்ததும் டெக்னீஷியனிடம் நாலே விஷயம்: என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள். "பத்து மணி பத்துக்கு விழுந்தார், மூச்சில்லை, பத்து பன்னிரண்டிலிருந்து அழுத்துகிறோம்" என்றால் அவர் கேட்க வேண்டியது பாதி முடிந்தது. மாத்திரை அட்டை, ஆதார், போன் இருந்தால் கையில் கொடுங்கள்.

போலீஸ், கேஸ், கோர்ட் பயம் இன்னும் நிறையப் பேருக்கு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 134ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குப் போட முடியாது, உங்கள் பெயர் விலாசத்தைச் சொல்லவும் கட்டாயப்படுத்த முடியாது, மருத்துவமனையில் பணம் கட்டச் சொல்லவும் முடியாது. பணமில்லை என்ற கவலைக்கும் பதில் இருக்கிறது, 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அடிபட்டவர் எந்த ஊராக இருந்தாலும். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும், இதைக் காசு கேட்கிற கவுண்டரில் நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

எல்லாம் முடிந்து வண்டி போனதும் கை நடுங்கும். அது யாருக்கும் வரும். கையை முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவுங்கள். அடுத்தவர் ரத்தம் உங்கள் கண்ணிலோ வாயிலோ திறந்த புண்ணிலோ பட்டிருந்தால் நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ராத்திரி தூக்கம் வராவிட்டால் கூட இருந்தவர்களிடம் பேசுங்கள். நாங்கள் அடுத்த ஞாயிறு வகுப்பில் முதல் அரை மணி நேரம் அதையே பேசுகிறோம், அழுகிறவர் அழட்டும் என்று விட்டுவிடுவோம்.

மறுநாள் காலையில் ஆட்டோ டேஷ்போர்டுக்குள் இருக்கிற பையைத் திறந்து பாருங்கள். கையுறை நாலு ஜோடி, அகலமான கட்டுத்துணி, சுத்தமான பருத்தித்துணி, கத்தரிக்கோல், பேனா, டார்ச், சர்க்கரைப் பொட்டலம். நேற்று எதெது செலவானதோ அதை வாங்கி வைத்துவிட்டு ஸ்டாண்டுக்குக் கிளம்புங்கள்.